மலாக்காவில் அந்தப் பாட்டி சொன்னது இன்னும் குடைகிறது

கித்தாக்காட்டான்:
நெகிரி செம்பிலான் பகாவ்காரர்கள் மலாக்காவுக்கு எத்தனை தடவை போயிருப்போம், யாராவது கணக்கு வைத்திருக்கிறீர்களா? பள்ளிச் சுற்றுலா, சொந்தக்காரர் கல்யாணம், அப்புறம் சும்மா செண்டோல் குடிக்க. சிவப்புக் கட்டடம், கோட்டை வாசல், ஜோங்கர் தெரு, தம்பின் வழியாக வீடு. நாற்பது வயது வரை எனக்கு மலாக்கா என்றால் இவ்வளவுதான்.

போன போகிக்கு முதலாளி வீட்டு டிரைவராக இருக்கும் கூட்டாளி ஒருவன் காஜா பெராங் பக்கம் செட்டி கம்பத்துக்கு, அதாவது மலாக்கா செட்டிகள் இருக்கும் கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். போகியன்று அங்கே பார்ச்சு, அதாவது முன்னோர்களுக்குப் படைப்பது. நடுவீட்டில் வாழை இலை விரித்திருந்தது. இலையில் சோறு, கோழிக்கறி, சம்பால், பக்கத்திலேயே மலாய்க்காரர் கடையில் வாங்குகிற மாதிரி குவே பலகாரம். சாம்பிராணிப் புகை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டி, சாரோங் கெபாயா, நெற்றியில் திருநீறு. நான் தமிழில் வணக்கம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொன்னார். தமிழ் பேச வராதாம், சாமி பாட்டு மட்டும் கொஞ்சம் தெரியுமாம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள் வம்சம்தான் இவர்கள் என்று ஒரு நினைப்பு வேறு. “அப்படியென்றால் மக்சிக் (அம்மா) தமிழரா, இல்லையா?” என்று மலாயில் கேட்டுவிட்டேன். அவர் இலையில் சம்பாலை வைத்தபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “காமி டாத்தாங் டூலு, டிக்” என்றார். நாங்கள் முதலில் வந்தவர்கள், தம்பி. கோபம் இல்லை, குத்தலும் இல்லை. அதுதான் குடைகிறது. எங்கள் தாத்தா ரஜுலா கப்பலில் வந்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், அதற்கு நானூறு ஐநூறு வருஷம் முன்னால் வந்தவரிடம் போய் நான் அடையாள அட்டை கேட்டிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி மலாக்காவில் ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

செம்பனைத் தம்பி:
எனக்கும் ஒன்று இருக்கு. ஆயாவை, அதாவது எங்கள் பாட்டியை, முதல்தடவையாக மலாக்காவுக்குக் கூட்டிப்போனோம், அப்போது அவருக்கு 78. நடக்க முடியாது என்று பெச்சா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, எடுத்தோம், ஹலோ கிட்டி பொம்மை, பிளாஸ்டிக் பூ, வண்ண விளக்கு, பெட்டிக்குள் ஸ்பீக்கர். எங்களைப் பார்த்ததும் அந்த ஆள் ஒரு பழைய குத்துப்பாட்டைப் போட்டுவிட்டார், தெருவே திரும்பிப் பார்த்தது, ஆயா முக்காட்டை இழுத்து மூஞ்சியை மூடிக்கொண்டது. 40 வெள்ளி (ரிங்கிட்). சரி, அது போகட்டும்.

கோட்டை வாசலில் இறங்கினோம். எல்லாரும் போட்டோ எடுக்கிறோம், ஆயாவைக் காணோம். பார்த்தால் சுவர் ஓரமாக நின்று கல்லைத் தடவிக்கொண்டு இருக்கு. கல்லில் குழி குழியாக இருக்கும் பாருங்கள், அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “இது நம்ம தோட்டத்து ரோட்டுக் கல்லுடா” என்றது. செம்பாறைக் கல். கல்யாணத்துக்கு முன்னாடி ஆயா தோட்டத்து செம்மண் ரோட்டுக்குக் கல் உடைத்துக் கூடையில் சுமந்தவர். அது எங்கள் யாருக்கும் தெரியாது, பால்வெட்டு மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். “இத யாரு சுமந்தா?” என்று கேட்டது. போர்த்துகீசியன் கட்டினான் ஆயா, 1511 என்றேன். “கட்டுனவன் பேரு கேக்கல, சுமந்தது யாருன்னு கேட்டேன்.” எனக்குப் பதில் தெரியவில்லை. ஆயா இப்போது இல்லை.

வரலாறு வாத்தி:
கித்தாக்காட்டான், உங்கள் பதிவில் ஒரு பெரிய தப்பு. மலாக்கா செட்டிகள் வேறு, நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு. வட்டிக்கடை செட்டியார்கள் வெள்ளைக்காரன் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள். மலாக்கா செட்டிகள் சுல்தான் காலத்திலேயே துணி விற்க வந்து, இங்கேயே உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்ட வியாபாரிகளின் பிள்ளைகள். அதனால்தான் வீட்டில் மலாய், கோயிலில் சிவன். இது அந்தப் பாட்டியிடம் கேட்பதற்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

ஜாலான் துக்காங் எமாஸ் பொய்யாத விநாயகர் கோயிலைப் பற்றி யாரும் ஏன் எழுதவில்லை? 1781இல் கட்டியது, டச்சுக்காரன் கொடுத்த நிலத்தில் செட்டிகளின் தலைவர் தாய்வநாயகம் செட்டி கட்டினார். இந்த நாட்டில் இன்றைக்கும் பூஜை நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. நீங்கள் எல்லாம் சிவப்புக் கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுப்பீர்கள், அது டச்சுக்காரன் காலத்தில் வெள்ளையாக இருந்தது என்றுகூடத் தெரியாது.

தம்பி, கோட்டை வாசலைப் போர்த்துகீசியன் கட்டினான் என்று ஆயாவிடம் சொன்னது பாதிதான் சரி. வாசலுக்கு மேலே பாருங்கள், 1670 என்று செதுக்கியிருக்கும். டச்சுக்காரன் 1641இல் ஊரைப் பிடித்த பிறகு பழுதுபார்த்து அவன் முத்திரையைப் பதித்துவிட்டான். மீதிக் கோட்டையை 1807 வாக்கில் ஆங்கிலேயன் வெடிவைத்துத் தகர்த்தான், ராஃபிள்ஸ் தலையிட்டதால் இந்த ஒரு வாசல் தப்பியது.

செம்பனைத் தம்பி:
வாத்தியாரே, 78 வயசு ஆயாவிடம் 1670ஐயும் சேர்த்துச் சொல்லியிருந்தால் கல் சுமந்தவன் பேர் கிடைத்திருக்குமா?

லயத்துப் பொண்ணு:
வாத்தியார் சொன்ன அதே தெருவில்தான் என் கதையும். பிள்ளையார் கோயிலில் அப்பா தேங்காய் உடைத்தார், வெளியே வந்தோம், சில கடை தள்ளி அந்தப் பள்ளிவாசல். பலகையில் மஸ்ஜிட் கம்போங் கிளிங். அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்தக் கிளிங் என்ற வார்த்தையை எந்த மாதிரி நேரத்தில் எந்த மாதிரி ஆட்கள் நம்மைப் பார்த்துச் சொல்வார்கள் என்று. அப்பாவைப் பிரட்டுக் களத்தில், தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், முப்பது பேர் முன்னால் ஒருவன் அப்படிக் கூப்பிட்டிருக்கிறான், அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“கோயில் தெருவுலயா எழுதி வச்சிருக்கானுங்க” என்று அப்பா சத்தமாகவே சொன்னார். வாசலில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், அவருக்குக் காது கேட்டுவிட்டது. தமிழில்தான் பேசினார். “உள்ள வாங்கண்ணே, நம்ம ஆளுங்க கட்டுனதுதான். கலிங்கத்துலேருந்து வந்த பேரு, அப்ப அது வசவு இல்ல” என்றார். 1748இல் மரத்தில் கட்டினார்களாம், 1872இல் செங்கல். மினாரா சீனக் கோபுரம் மாதிரி, கூரை ஜாவாக்காரர் அடுக்குக் கூரை, குவிமாடமே கிடையாது. நான் உள்ளே போய்ப் பார்த்தேன், பீங்கான் ஓடு பதித்த தரை, காலில் சில்லென்று இருந்தது. அப்பா வரவில்லை. செருப்பைக் கழற்றி, கையில் எடுத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார். பெரியவர் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், அது தெரியும். நான் அந்த நேரத்தில் அப்பாவோடு வெளியே நின்றிருக்க வேண்டுமா என்பதுதான் எனக்குத் தீரவில்லை.

வரலாறு வாத்தி:
பெரியவர் சொன்னது சரி. போர்த்துகீசியர் எழுதியதிலும் நம் ஆட்களுக்கு அந்தப் பெயர்தான். நீனா சாத்து என்று ஒரு பெரிய வியாபாரி இருந்தார். 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் ஊரைப் பிடித்ததும் அவரைத்தான் பெண்டஹாரா, அதாவது மந்திரி மாதிரி, ஆக்கினான். 1514இல் பதவியைப் பிடுங்கினார்கள், மனிதர் தீ மூட்டி அதில் இறங்கிவிட்டார். இதற்கு ஒரு சிலை உண்டா?

மூணாம் நம்பர் லயம்:
அந்த ஆள் பறங்கிக்கு உதவி செய்துதானே பதவி வாங்கினார். சிலை வேறயா.

ஓய்வுபெற்ற லோரிக்காரர்:
எல்லாரும் மனசு கஷ்டத்தை எழுதுகிறீர்கள், போக வேண்டிய முறையில் போனால் பாதிக் கஷ்டம் வராது. மலாக்காவுக்கு இருபத்தாறு வருஷம் செம்பனை எண்ணெய் ஏற்றிப் போனவன் சொல்கிறேன். என் கதை சின்னது. சின்ன மகனோடு செயின்ட் பால் மலை ஏறினேன், மேலே கூரை இல்லாத பழைய தேவாலயம், 1521இல் போர்த்துகீசியன் கட்டியது. வாசலில் பிரான்சிஸ் சேவியர் சிலை, வலது கை கிடையாது. பையன் “அப்பா மாதிரியே” என்றான். எனக்கு மில்லில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவ்வளவுதான், சிரித்துவிட்டு இறங்கினோம்.

இப்போது முறையைக் கேளுங்கள். விடியற்காலை ஐந்தரைக்குப் பகாவை விட்டுவிடுங்கள், ஏழு ஏழரைக்கு அங்கே. முதலில் மலை ஏறுங்கள், வெயில் ஏறிவிட்டால் வயசானவர்களுக்கு அந்தப் படி ஆகாது. சேவியர் உடலை 1553இல் கொண்டுவந்து ஒன்பது மாதம் போல வைத்திருந்த இடம் உள்ளே இருக்கு, இரும்புக் கம்பி போட்டிருக்கும், காசு போடாதீர்கள், எல்லாரும் போடுகிறார்கள் என்று நீங்களும் போட வேண்டாம். சுவரில் சாய்த்து வைத்த டச்சுக் கல்லறைக் கற்களில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். இறங்கினால் கோட்டை வாசல், பக்கத்தில் மரத்தில் கட்டிய சுல்தான் அரண்மனை, அது பழையது இல்லை, 1980களில் பழைய மலாய் ஏட்டில் உள்ளபடி கட்டினது, ஆனாலும் உள்ளே போங்கள், மலாய்க் கதை வீரர்கள் ஹங் துவாவும் ஹங் ஜெபாட்டும் சண்டை போடுகிற பொம்மை இருக்கு. எதிரே பண்டார் ஹிலிர் திடல். 1956 பிப்ரவரி 20இல் சுதந்திரத் தேதியைத் துங்கு அப்துல் ரஹ்மான், பிறகு முதல் பிரதமரானவர், அறிவித்த இடம், பிள்ளைகளை அங்கே ஒரு நிமிஷம் நிறுத்திச் சொல்லிவிட்டு மற்றதைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கடல் மலையடி வரைக்கும் இருந்தது, இப்போது நீங்கள் கார் நிறுத்துகிற இடமெல்லாம் மண் கொட்டித் தூர்த்தது.

தாமிங் சாரி சுழல் கோபுரம் 110 மீட்டர், ஆளை ஏற்றுவது 80 மீட்டர் வரை. அதைக் கட்ட முதலில் தோண்டின இடத்தில்தான் டச்சுக் கோட்டையின் மிடல்பர்க் கொத்தளம் கிடைத்தது, அப்புறம் கோபுரத்தை வேற இடத்துக்கு மாற்றினார்கள். ஜோங்கர் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும், வயசானவர்களை அந்தக் கூட்டத்தில் இழுக்காதீர்கள். பெச்சா ஏறும் முன்னால் விலையும் பேசுங்கள், பாட்டு வேண்டாம் என்றும் பேசுங்கள். தம்பி 40 கொடுத்தது அவன் தப்பு. தண்ணி போத்தல் ஆளுக்கு ஒன்று, குடை, வயசானவர்களுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், மழை பெய்தால் அந்தப் படி வழுக்கும்.

கித்தாக்காட்டான்:
அண்ணே, நன்றி. நான் கேட்டது வழி இல்லை.

லயத்துப் பொண்ணு:
விரல் கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டு பார்க்கிங்குக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் அண்ணே. பையனுக்கு அப்போது என்ன வயசு?

ஓய்வுபெற்ற லோரிக்காரர்:
ஆறு. இப்போது சிங்கப்பூரில் வேலை. சிலையை மறுபடியும் பார்க்கவில்லை.

மூணாம் நம்பர் லயம்:
கித்தாக்காட்டான், அந்தப் பாட்டி வீட்டில் சாப்பிட்டீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே.

கித்தாக்காட்டான்:
சாப்பிட்டேன். படைத்த பிறகு எனக்கும் இலை போட்டார். சம்பால் உறைப்பு, கண்ணில் தண்ணி வந்துவிட்டது. “தமிழ் ஆளுக்கு உறைக்குமா?” என்று மலாயில் கேட்டார். அப்போதுதான் சிரித்தார். வரும் போகிக்கும் போகிறேன், இந்தத் தடவை ஏதாவது கையில் கொண்டுபோக வேண்டும், என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. காரில் இரண்டு இடம் காலி.

லயத்துப் பொண்ணு:
ஒரு இடம் எனக்கு. அப்பாவிடமும் கேட்டுப் பார்க்கிறேன், வருவார் என்று சொல்ல முடியாது.