மிக்ஸிங்: ஒலிக்கலவையா, ஒலியிழைப்பா?

கோபியிலிருந்து:
வணக்கம். வீட்டில் பதிவு செய்த பாட்டை மிக்ஸிங் செய்ய (தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் அளவாகச் சேர்த்து ஒரே பாட்டாக்க) பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் உள்ள தனிப்பதிவான 'ட்ராக்'கிற்குத் 'தடம்' வைத்தாகிவிட்டது. மிக்ஸிங்கிற்கு 'ஒலிக்கலவை' என்றால், "சிமெண்டுக் கலவைங்களா?" என்கிறான் ஒரு பையன். வேறு சொல் உண்டா?

சென்னிமலையிலிருந்து:
பையன் கேட்டது சரிதான். கலந்தால் எது எது என்று தெரியாது. மிக்ஸிங்கில் நடப்பது நேர்மாறு. குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கும் உறுமலை வெட்டுகிறோம். சலங்கையை இடப்பக்கமும் குழலை வலப்பக்கமும் ஒதுக்குகிறோம். ஒன்றை ஒன்று மறைக்கக் கூடாது என்றுதானே? பாவும் ஊடையும் சேர்ந்து துணியானாலும் நூல் நூலாகவே இருக்கும். தடம் வேண்டாம், 'இழை' போடுங்கள். மிக்ஸிங், 'ஒலியிழைப்பு'.

கோவையிலிருந்து:
இழைப்பு என்றதும் தச்சரின் இழைப்புளிதான் கண்ணில் நிற்கிறது. சந்தனத்தையும் இழைக்கிறோம், கட்டை தேய்வதுதான் மிச்சம். கலந்தால் அடையாளம் போய்விடும் என்பதும் தவறுங்க. மிக்ஸர் பொட்டலத்தில் ஓமப்பொடியும் கடலையும் தனித்தனியாகத்தானே கிடக்கின்றன? கலம்பகம் என்ற சிற்றிலக்கியத்தின் 18 உறுப்புகளும் அப்படித்தான். (கலம் 12, பகம் 6 என்று கூட்டிக் காட்டுவோர் உண்டு. எனக்கு அது கணக்கு வாத்தியார் வேலையாகப் படுகிறது. வேர் 'கல' தான்.)

பெருந்துறையிலிருந்து:
கலம்பகம் வரை போனவர்கள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை மறந்துவிட்டீர்களே. குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, அதன் பின் முழவு, அதனோடு ஆமந்திரிகை என்ற வாத்தியம். எது முன்னால், எது பின்னால் என்று அன்றே வரிசைப்படுத்திவிட்டார்கள். அதற்கு உரை செய்த அடியார்க்கு நல்லாரும் நம் கொங்கு நிரம்பைக்காரர் என்பார்கள். பொருந்தி நிற்பது அமைதி. ஆகவே 'ஒலியமைதி'.

கோபியிலிருந்து:
ஐயா, ஒலியமைதி வகுப்பு என்று அறிவித்தால் பெற்றோர் மகிழ்வார்கள், பிள்ளைகள் ஒருவரும் வரமாட்டார்கள்.

திருப்பூரிலிருந்து:
நான் வீட்டிலேயே பதிவு செய்கிறவன். பக்கத்து விசைத்தறிச் சத்தம் என் பாட்டுகளில் எல்லாம் நிரந்தரப் பக்கவாத்தியம். மூன்று வருடம் ஒவ்வொரு தடத்தின் சத்தத்தையும் ஏற்றி ஏற்றியே கெடுத்தேன். இப்போது இறக்கத்தான் செய்கிறேன். எல்லாம் சேர்ந்த பிறகும் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டவிடுவதில்லை (பூஜ்யம்தான் ஒலி உடையும் எல்லை). கடைசி மெருகான மாஸ்டரிங்கிற்கு இடம் வேண்டுமே. அப்புறம் போனின் சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பேன். அதிலும் குரல் புரிந்தால் தேறியது. ஒவ்வொன்றையும் அடக்கி வாசிக்க வைப்பதுதான் மிக்ஸிங். அதற்கு ஒரு சொல் இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் மிக்ஸிங் என்றே இருக்கட்டும்.

கோவையிலிருந்து:
டெசிபெல்லுக்கும் சொல் கேட்பீர்களோ என்று பயந்தேன். நல்லவேளை, பெல் ஆள் பெயர்.

கோபியிலிருந்து:
அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார். தலைப்பில் 'ஒலிக்கலவை', உள்ளே எல்லா இடத்திலும் 'மிக்ஸிங்'. மூன்று பேர் சரி என்று தனியாக எழுதினார்கள். மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் போல.

சென்னிமலையிலிருந்து:
போகட்டும். ஆனால் தடம் என்பது கால் பட்ட இடம். ஒலி எங்கே நடந்ததுங்க?