வீட்டு மொழி என்று கேட்டால் தமிழ் என்றே எழுதுங்கள்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோர்கள் பலரும் கேட்கிற கேள்வி இது. பள்ளியில் சேர்க்கும்போது தருகிற வீட்டு மொழிப் படிவத்தில் தமிழ் என்று எழுதலாமா, இங்கிலீஷ் என்று எழுதிவிடுவது நல்லதா?

நாங்கள் இங்கிலீஷ் என்று எழுதினோம். அது தப்பு. அந்தத் தப்புக்கு என் மகள்தான் கஷ்டப்பட்டாள்.

கோயம்புத்தூரிலிருந்து கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டுக்கு வந்தபோது அவள் இரண்டாம் வகுப்பு. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், தடுப்பூசி விவரம் எல்லாம் கையில் இருந்தன. மொழிப் படிவத்தில் நான்கே கேள்விகள்: குழந்தை முதலில் பேசிய மொழி, வீட்டில் அதிகம் பேசும் மொழி, பெற்றோர் குழந்தையிடம் பேசும் மொழி, வீட்டுப் பெரியவர்கள் பேசும் மொழி. தமிழ் என்று எழுதினால் தனியாக ஒதுக்கிவிடுவார்கள், ஒரு வகுப்பு கீழே போட்டுவிடுவார்கள் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்தினார்கள். ஊரில் இங்கிலீஷ் மீடியம்தானே படித்தாள் என்று நாங்களும் தைரியமாக எழுதிக் கொடுத்துவிட்டோம்.

புத்தகத்தில் படித்த இங்கிலீஷ் வேறு, இங்கே காதில் விழுகிற இங்கிலீஷ் வேறு. இரண்டரை மாதம் வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. ஒருநாள் பையில் ஈரத் துணி இருந்தது. ராத்திரி படுக்கையில்தான் சொன்னாள். ஊர்ப் பள்ளியில் செய்வது போலச் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். ஆசிரியருக்கு அது என்னவென்று தெரியவில்லை, சிரித்துத் தலையாட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கிறார். கதவருகே தொங்குகிற பாஸை, அதாவது ரெஸ்ட்ரூம் போவதற்கான அனுமதி அட்டையை, எடுத்துக்கொண்டு போகலாம் என்பது இவளுக்குத் தெரியாது. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நவம்பரில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு. "ரொம்ப அமைதியான பிள்ளை" என்றார் ஆசிரியர். வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளை அவள். அங்கேயே உண்மையைச் சொன்னேன். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் படிவத்தைத் திருத்தினோம். அப்புறம் எல்பேக் (ELPAC) என்கிற ஆங்கிலத் திறன் தேர்வு வைத்தார்கள். கேட்பது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது என்று நான்கையும் பார்க்கிற தேர்வு அது. வாசிப்பில் நல்ல மதிப்பெண், பேச்சில் குறைவு. தமிழ் என்று முதலிலேயே எழுதியிருந்தால் சேர்ந்த 30 நாளுக்குள் இது தெரிந்திருக்கும்.

அதன் பிறகு தினமும் அரை மணி நேரம், நாலைந்து பிள்ளைகளோடு தனி ஆங்கிலப் பயிற்சி. மற்றபடி அதே வகுப்பு, அதே பாடம். யாரும் அவளைக் கீழ் வகுப்பில் போடவில்லை. இந்த உதவியைப் பள்ளி போகிற போக்கில் செய்கிற சலுகை என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில், புரியாத மொழியில் எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்திவிட்டுச் சமமாக நடத்தினோம் என்று சொல்ல முடியாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. அது நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

நாங்கள் செய்த இன்னொரு தப்பு, பதற்றத்தில் வீட்டிலும் இங்கிலீஷுக்கு மாறியது. அவள் வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டாள். தமிழுக்குத் திரும்பிய பிறகுதான் பள்ளியில் நடப்பதையெல்லாம் கொட்ட ஆரம்பித்தாள். பிள்ளைக்கு மனதில் உள்ளதைச் சொல்ல ஒரு மொழி வேண்டும், அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

வகுப்பில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம், வரிசையில் குறுக்கே புகுந்த பையனைத் திட்டியது! ஆசிரியர் சந்தோஷமாக எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். நான்காம் வகுப்பில் தனிப் பயிற்சி தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். இப்போது சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் போகிறாள். உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது இரு மொழித் தேர்ச்சிக்குச் சான்றிதழில் முத்திரை தருகிற வழக்கத்தை முதலில் கொண்டுவந்த மாநிலமே கலிபோர்னியாதான். அதன் மேல் அவளுக்கு ஒரு கண்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கலிபோர்னியா அரசுப் பள்ளிகளில் மதிய உணவு எல்லோருக்கும் இலவசம். சைவம் என்றால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் பள்ளியில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், காசு கிடையாது. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

பள்ளி தொடங்குவதற்கு முன் ஒருநாள் குழந்தையோடு வகுப்பறைக்குப் போய்ப் பாருங்கள். ரெஸ்ட்ரூம் எங்கே, பாஸ் எங்கே தொங்குகிறது, எப்படிக் கேட்க வேண்டும் என்பதை ஆசிரியர் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.