ரேசிங் கேமுக்கு மார்க் போடணும்னா பேடா வீலா?

ராத்திரி ரேசர்:
நேத்து ஒரு தமிழ் ரிவ்யூ வீடியோ பாத்தேன், கிரான் டுரிஸ்மோ 7-க்கு (ஜிடி7) பத்துக்கு ஒன்பதரை. ரோடு கையில தெரியுது, டயர் பேசுதுன்னு இருபது நிமிஷம் சொல்றாரு. ஆனா அவரு உக்காந்திருக்கிறது அலுமினியம் ரிக்ல (சீட், வீல், பெடல் மாட்டுற ஃபிரேம்), முன்னாடி மோட்டார்ல நேரடியா மாட்டின டைரக்ட் டிரைவ் வீல், கால்ல அழுத்தத்தை அளக்குற லோட் செல் பிரேக். பேடை, அதான் கையில பிடிக்கிற கண்ட்ரோலரை, ஒரு தடவை கூட எடுக்கல. பிஎஸ்5 வாங்கினா பெட்டிக்குள்ள வர்றது டுயல்சென்ஸ் தானே, நம்மள்ல முக்காவாசிப் பேரு அதை வச்சுத்தான் கட்டில்லயோ பாயிலயோ உக்காந்து ஆடுறோம். வீல்ல ஓட்டிட்டு மார்க் போட்டா அது அந்த வீலுக்குப் போட்ட மார்க். கன்சோல் கேமை கன்சோலோட வர்ற பேடுல தான் எடை போடணும், இதுல நான் மாற மாட்டேன்.

கொண்டைஊசி:
மாத்திக்கங்க ப்ரோ 🙂 நான் ஆறு வருஷமா வீல்ல ஓட்டுறேன், ஜி29 தான், பெரிய ரிக் எல்லாம் இல்ல, ஒரு மடக்கு ஸ்டாண்டு. ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். கார்னர்ல வேகமா போயி முன் டயர் பிடிப்பு விடுதுல்ல, அண்டர்ஸ்டீர், அப்ப ஸ்டீரிங் கையில லேசாயிடும். அது வரைக்கும் இழுத்துப் பிடிச்சிட்டிருந்தது சட்டுனு வெறுமையா போயிடும், வண்டி நேரா ஓடுறதைக் கண்ணு பாக்குறதுக்கு முன்னாடியே கைக்குத் தெரிஞ்சிடும். பேடுல இதுக்கு என்ன வழி? குச்சிய எவ்ளோ தள்ளினாலும் ஸ்பிரிங் ஒரே மாதிரி தான் இருக்கும். போதாததுக்கு பேடுல கேமே உங்களுக்காக ஸ்டீரிங்கை மெதுவா திருப்புது, வேகம் கூடக்கூட திருப்புற அளவைக் குறைக்குது. கட்டை விரலைப் படக்குனு ஓரத்துக்குத் தள்ளுறீங்க, 200 கிமீ வேகத்துல சக்கரம் அப்படியே ஒடிஞ்சு திரும்பிச்சின்னா வண்டி நேரா சுவத்துல தான், அதனால நடுவுல கேம் பூந்து சரி பண்ணுது. அப்ப நீங்க மார்க் போடுறது பிசிக்ஸுக்கா, நடுவுல பூந்த அந்த ஃபில்டருக்கா?

ராத்திரி ரேசர்:
ஃபில்டருக்கும் சேத்துத்தான்! அதுவும் கேமோட வேலை தானே. ஒரு இஞ்ச் கூட நகராத குச்சிய வச்சு 900 டிகிரி ஸ்டீரிங்கை ஓட்ட வைக்கிறது சாதாரண விஷயமா? ஒரு ஸ்டூடியோ எவ்ளோ கெட்டிக்காரங்கன்னு அங்க தான் தெரியும். டுயல்சென்ஸ் இடது டிரிகர் பிரேக் பெடல் மாதிரி இறுகுது, ஏபிஎஸ் வேலை செய்யும்போது விரல்ல துடிக்குது, இதெல்லாம் ரிக்ல உக்காந்தவருக்குத் தெரியவே தெரியாது. அவரு சொல்லாததால பேடுல ஆடப்போறவனுக்கு அந்த ரிவ்யூல ஒரு வரி கூட இல்ல.

மெமரிகார்டு_8எம்பி:
நான் பேடு பக்கம். எங்க ஊர்ல பிரவுசிங் சென்டர்ல ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபா, பிஎஸ்2-ல ஜிடி4. பேடுல எக்ஸ் பட்டன் ரப்பர் தேஞ்சு போயி பாதி அமுக்கினா பாதி ஆக்ஸிலரேட்டர்ங்கறதெல்லாம் கிடையாது, முழுசா அமுக்கினாத்தான் வண்டி நகரும். மெமரி கார்டை அண்ணன் கல்லாவுல பூட்டி வச்சிருப்பாரு, கேட்டா தரமாட்டாரு, அதனால ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேமுக்குள்ள வர்ற லைசென்ஸ் டெஸ்ட் முதல்ல இருந்து. பிரேக் எங்க புடிக்கணும், கார்னர் உள்பக்கத்தை எப்பத் தொடணும், எப்ப கேஸ் குடுக்கணும்னு நான் கத்துக்கிட்டது அந்தத் தேஞ்ச பட்டன்ல. பின்னாடி பைக் ஓட்டும்போது கூட அந்த பிரேக் புத்தி உதவுச்சு. 1997 டிசம்பர்ல முதல் கிரான் டுரிஸ்மோ வந்தப்ப நிறைய வீட்டுல அனலாக் குச்சியே கிடையாது, அம்பு பட்டனைத் தட்டித் தட்டி தான் ஓட்டுனாங்க, அப்படி ஓட்டித்தான் அந்தப் பேரு வந்துச்சு.

கொண்டைஊசி:
அண்ணே மதிக்கிறேன், ஆனா ஞாபகம் வேற மார்க் வேற. ஜிடி4-க்கே டிரைவிங் ஃபோர்ஸ் ப்ரோன்னு 900 டிகிரி வீல் வந்துச்சே, கேமை உருவாக்குன யமவுச்சி டீம் மனசுல வீல் எப்பவும் இருந்திருக்கு. ஜிடி7 உலகப் போட்டி ஃபைனல்ல மேடையில என்ன வைக்கிறாங்க பாருங்க, எல்லாருக்கும் வீல் தான்.

டிராஃப்டிங்:
ரெண்டு பேரும் ஒரே கேமை வச்சுப் பேசுறீங்க. ஃபோர்சா ஹொரைசன் 5 எடுங்க, 2021-ல எக்ஸ்பாக்ஸ்ல வந்தது, 2025 ஏப்ரல்ல பிஎஸ்5-க்கும் வந்துடுச்சு. அது பேடுக்காகவே செஞ்ச கேம். மெக்சிகோ மலை மேல இருந்து காட்டுக்குள்ள பாய்ஞ்சு, தப்புப் பண்ணா ரிவைண்ட் அமுக்கி மூணு செகண்ட் பின்னாடி போயி, பேடுல தேன் மாதிரி இருக்கும். வீல்ல அதையே ஓட்டினேன், கை வலி தான் மிச்சம். கொண்டைஊசி சொல்றபடி வீல்ல மார்க் போட்டா அது ஃபெயில் ஆகணும், ஆனா அது இந்தத் தலைமுறையோட நல்ல ரேசிங் கேம்கள்ல ஒண்ணு.

அது போக என்னைக் கேட்டா ரேசிங் கேம்ல முதல்ல பாக்க வேண்டியது எதிராளி. ஜிடி7-ல கேரியரை நகர்த்துற கஃபே மெனு ரேஸ் எல்லாம் என்ன? ரோலிங் ஸ்டார்ட், அதாவது ஓடிட்டே ஆரம்பிக்கிறது, நம்ம கடைசியில, முதல் வண்டி அரை நிமிஷம் முன்னாடி போயிட்டிருக்கும், அதைத் துரத்திப் புடிக்கணும். இடையில உள்ள வண்டியெல்லாம் ஓரமா ஊர்வலம் போகும். ஜிடி ஸ்போர்ட்ல டாப் டிரைவர்களையே தோக்கடிச்ச சோஃபின்னு ஒரு ஏஐ அவங்ககிட்டயே இருக்கு, 2023 நவம்பர் அப்டேட்ல குயிக் ரேஸ்ல குடுத்தாங்க, அதோட ஓட்டிப் பாத்தா உள்பக்கம் மூக்கை நுழைக்கும், இடம் விடும், திருப்பி அடிக்கும். அதை மெயின் கேம்ல வைக்காததுக்கு நான் ஒன்றரை மார்க் குறைப்பேன், பேடுல ஓட்டினாலும் வீல்ல ஓட்டினாலும்.

ராத்திரி ரேசர்:
சோஃபி விஷயம் நூறு சதவீதம் ஒத்துக்கிறேன். இன்னொண்ணு, ரிலீஸ் அன்னைக்குப் போட்ட மார்க் எத்தனை நாளைக்கு? ஜிடி7 2022 மார்ச் 4 வந்துச்சு, எல்லாரும் நல்ல மார்க் போட்டு முடிச்சாச்சு. மார்ச் 17 அப்டேட்ல ரேஸ் பரிசுப் பணத்தைக் குறைச்சாங்க, அதே நேரம் சர்வர் முப்பது மணி நேரத்துக்கு மேல படுத்துச்சு. ஆன்லைன் இல்லாம கேரியர் ஓடாதுங்கறதால காசு குடுத்து டிஸ்க் வாங்கினவன் வீட்டுல சும்மா உக்காந்திருந்தான். அப்புறம் ஒரு மில்லியன் கிரெடிட் குடுத்தாங்க, பரிசையும் ஏத்துனாங்க. ஆனா ரிவ்யூல மார்க் அப்படியே தான் இருந்துச்சு.

கொண்டைஊசி:
இது நியாயம். 2024 ஜூலைல சஸ்பென்ஷனை மாத்துனப்ப கூட சில கார் வானத்துக்குக் குதிச்சுச்சே, அப்புறம் தான் சரி பண்ணாங்க. மார்க்குக்குப் பக்கத்துல தேதி போடணும்னா நானும் கை தூக்குறேன். ஆனா பேடா வீலா விஷயத்துல விட மாட்டேன். எஸ்-10 லைசென்ஸ் டெஸ்ட் ஓட்டியிருக்கீங்களா, ஈரத்துல ஸ்பா டிராக், போர்ஷே 917 கார்? பேடுல தங்கம் வாங்கிட்டு வந்து பேசுங்க.

ராத்திரி ரேசர்:
வெள்ளி வாங்கியிருக்கேன், பேடுல. பேச்சு எதுக்கு, சுக்குபா டிராக், மாஸ்டா ரோட்ஸ்டர், ஸ்டாக் டயர், சக்கரம் வழுக்காம பாத்துக்குற டிராக்ஷன் கண்ட்ரோல் ஜீரோ, 15 லேப். நீங்க வீல்ல, நான் பேடுல. ரீப்ளேவை இங்க போடுவோம்.

கொண்டைஊசி:
சரி. சனிக்கிழமை ராத்திரி.

மெமரிகார்டு_8எம்பி:
ரீப்ளே ரெண்டையும் உக்காந்து லேப் லேப்பா பாத்துட்டேன், யாரும் கேக்கல, நானே எழுதி வச்சேன். ராத்திரி ரேசரோட சிறந்த லேப் கொண்டைஊசியோடதை விட 0.2 செகண்ட் வேகம், பேடுல! ஹேர்பின் (யு-டர்ன் மாதிரி கார்னர்) ரெண்டுலயும் அவரு தான் முன்னாடி. ஆனா 15 லேப்பையும் சேத்துப் பாத்தா வீல் தான் ஜெயிச்சுது. எங்கன்னா கடைசி வலது கார்னர்ல. நீளமான கார்னர், குச்சிய நடுவுல ஒரே இடத்துல ரொம்ப நேரம் பிடிச்சு வைக்கணும், ஒம்பதாவது லேப்ல இருந்து ராத்திரி ரேசரோட கட்டை விரல் நடுங்குறது முன் சக்கரத்துல அப்படியே தெரியுது, சின்னச் சின்னதா துள்ளித் துள்ளி வெளிய போகுது. வீல்ல ஒரு தடவை திருப்பி வச்சது வச்சபடி நிக்குது.

ராத்திரி ரேசர்:
விரல் வலிச்சது உண்மை. அதைத்தான் ரிவ்யூல எழுதணும்னு சொல்றேன், பேடுல 15 லேப் ஓட்டினா விரல் வலிக்கும்னு. வாங்குறவனுக்கு அது தெரிய வேணாமா?

கொண்டைஊசி:
அந்த 0.2 செகண்ட் எனக்கு உறுத்துது. வண்டி சறுக்கினா கேமே எதிர்ப்பக்கம் திருப்பிக் குடுக்குற கவுண்டர்ஸ்டீர் அசிஸ்ட் ஆஃப்ல தான் இருந்துச்சா ப்ரோ?