ஒரே குழாய்க்கு 138-ஆ, 118-ஆ? அனுமதிக்கப்பட்ட தகைவு பற்றிய குழப்பம்

ஊட்டுநீர்:
பாய்லருக்கு நீர் கொண்டுபோகும் 8 அங்குலக் குழாய்க்குச் சுவர்த்தடிமன் கணக்கிடுகிறேன். ஏ106 கிரேடு பி என்ற கார்பன் ஸ்டீல், சீம்லெஸ் (வெல்டு மூட்டில்லாதது). வெளிவிட்டம் 219.1 மி.மீ., அழுத்தம் 5 மெகாபாஸ்கல், வெப்பநிலை 150 டிகிரி செல்சியஸ், அரிமானத்துக்கு 1.5 மி.மீ. ஏஎஸ்எம்இ பி31.3 (ஆலைக் குழாய்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பு) அட்டவணையில் அனுமதிக்கப்பட்ட தகைவு, அதாவது கணக்கில் இரும்பின் மேல் ஏற்றலாம் என்ற உச்ச அளவு, 138 மெகாபாஸ்கல். அலுவலகத்தில் இருக்கும் பழைய கணக்குத்தாளிலோ 118. இரும்பு ஒன்றுதானே, எண் ஏன் இரண்டு? போதாக்குறைக்கு, 138-ஐப் பாதுகாப்புக்காக 1.5-ஆல் வகுக்கச் சொல்கிறார் மூத்தவர் ஒருவர். ஆலைச் சான்றிதழில் ஈல்டு வலிமை (இரும்பு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 310 என்று இருக்கிறது. அதையாவது பயன்படுத்தலாமா?

தடிமன்தாசன்:
அந்தக் கணக்குத்தாள் பி31.1-க்காக (மின்நிலைய, பாய்லர் குழாய்களுக்கான விதித்தொகுப்பு) போட்டதாக இருக்கும். தலைப்பைப் பாருங்கள்.

வளைவுமூட்டு:
அவர் சொல்வது சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த குழாயிலும் இதே கேள்வி வரும்.

அனுமதிக்கப்பட்ட தகைவு இரும்பில் அளந்து எடுக்கும் பண்பு அன்று. அளப்பது ஈல்டு வலிமையையும், அறுபடும் முன் தாங்கும் உச்சமான இழுவலிமையையும்தான். அவற்றில் எவ்வளவைப் பயன்படுத்தலாம் என்று விதித்தொகுப்பு முடிவு செய்கிறது. கிரேடு பி-க்குக் குறைந்தபட்ச ஈல்டு 240, இழுவலிமை 415. பி31.3 ஈல்டில் மூன்றில் இரண்டு பங்கையும் இழுவலிமையில் மூன்றில் ஒரு பங்கையும் ஒப்பிட்டுச் சிறியதை எடுக்கிறது. முதலாவது 160, இரண்டாவது 138. பி31.1 இழுவலிமையை 3.5-ஆல் வகுக்கிறது, அதனால் 118. வெப்பம் கூடும்போது அந்த வெப்பநிலையின் வலிமைகளும், இன்னும் மேலே போனால் க்ரீப் (உயர்வெப்பத்தில் இரும்பு மெல்ல மெல்ல நீள்வது) வரம்புகளும் போட்டிக்கு வரும். 150 டிகிரியில் அந்தக் கவலை இல்லை.

ஆகவே 1.5-ஆல் வகுக்கத் தேவையில்லை. பாதுகாப்பு விகிதம் 138-க்குள்ளேயே இருக்கிறது. மூத்தவர் வடிவமைப்பு அழுத்தத்திலும் ஏற்கெனவே கொஞ்சம் கூட்டியிருப்பார் என்பது என் ஊகம்.

சான்றிதழின் 310-ஐ மறந்துவிடுங்கள். அது அந்த ஒரு வார்ப்பின் சோதனை முடிவு. நாளை மாற்றுக் குழாய் வாங்கினால் 250-உம் வரலாம், அதுவும் தரத்துக்கு உட்பட்டதே.

ஊட்டுநீர்:
இப்போது புரிகிறது. ஆனால் ஸ்டெயின்லெஸ் 304-க்கும் அட்டவணை 138 என்றே காட்டுகிறதே?

வளைவுமூட்டு:
எண் ஒன்று, வந்த வழி வேறு. 304-இன் இழுவலிமை 515, அதில் மூன்றில் ஒரு பங்கு 172. ஈல்டு 205-தான், மூன்றில் இரண்டு பங்கு 137-க்குச் சற்றுக் கீழ். அட்டவணையின் மூலக்கணக்கு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகில் போட்டது, அங்கே 30,000-இல் மூன்றில் இரண்டு 20,000. அதை மாற்றினால் 138. கார்பன் ஸ்டீலை இழுவலிமை கட்டுப்படுத்துகிறது, 304-ஐ ஈல்டு கட்டுப்படுத்துகிறது. 304எல் எடுத்தால் ஈல்டு இன்னும் குறைவு, எண் 115-க்கு இறங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. 304 போன்ற ஆஸ்டெனிடிக் ஸ்டெயின்லெஸுக்கு உயர்வெப்பத்தில் ஈல்டின் 90 சதவீதம் வரை போக விதி இடம் தருகிறது. குழாய் சற்று விரிந்தால் பரவாயில்லை. ஃபிளேஞ்ச் (போல்ட்டால் இணைக்கும் விளிம்பு) சற்று விரிந்தால் கசியும். அந்த மூட்டுகளுக்கு இந்தச் சலுகையைப் பயன்படுத்தாதீர்கள்.

தடிமன்தாசன்:
உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். சமன்பாட்டில் வரும் காரணி Y = 0.4, அதை அழுத்தம் 5-ஆல் பெருக்கினால் 2. பி31.3-இல் 5 × 219.1-ஐ 2 × (138 + 2)-ஆல் வகுத்தால் 3.91 மி.மீ. அரிமானம் சேர்த்தால் 5.41. ஆலைத் தடிமன் 12.5 சதவீதம் குறையலாம் என்பதால் 0.875-ஆல் வகுக்க 6.19. 6.35 மி.மீ. உள்ள ஷெட்யூல் 20 (ஷெட்யூல் என்பது சுவர்த்தடிமன் வகுப்பு) போதும். 118 போட்டால் இதே வழியில் 6.93 வரும், 7.04 மி.மீ. உள்ள ஷெட்யூல் 30 வேண்டும். கடைசியில் எல்லோரும் ஷெட்யூல் 40 வாங்குவார்கள், அது வேறு கதை.

மற்றவர்களுக்கும் ஒரு குறிப்பு: வெல்டு செய்த குழாயில் இந்த இரண்டு அட்டவணைகளும் வேறு மாதிரி. பி31.3-இல் வெல்டு மூட்டின் தரத்துக்கான மூட்டுக் காரணி E தனியாக இருக்கும். ஏ53 கிரேடு பி ஈஆர்டபிள்யூ (மின்தடை வெல்டு) குழாய்க்கு அது 0.85, அதை நாம்தான் பெருக்க வேண்டும். பி31.1 அட்டவணையில் அந்தக் காரணி ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து எண்ணை எடுத்து மறுபடி 0.85-ஆல் பெருக்கிய கணக்குகளை நிறையப் பார்க்கலாம். ஒரு தொகுப்பின் சமன்பாட்டில் இன்னொன்றின் எண்ணைப் போடாதீர்கள்.

ஊட்டுநீர்:
சரி, என் குழாய்க்கு எந்தத் தொகுப்பு?

வளைவுமூட்டு:
இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், நாங்களும் நீங்களும். பாய்லர் முனையிலிருந்து கட்டாய வால்வுகள் வரையிலான பகுதி பாய்லர் வெளிக்குழாய், அங்கே பி31.1-தான், தேர்வுக்கு இடமில்லை. அதற்கு இப்பால் ஆலை உரிமையாளர் குறிப்பிட்டது எதுவோ அது. லைன் லிஸ்ட்டில் (குழாய்களின் பட்டியலில்) இருக்கும். வெளிக்குழாய்ப் பகுதியில் ஊட்டுநீருக்கான வடிவமைப்பு அழுத்தம் பாய்லரின் அதிகபட்ச அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்: 25 சதவீதம் அல்லது சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு, இவற்றில் குறைவானது. உங்கள் 5 மெகாபாஸ்கல் அதைச் சேர்த்ததா?

ஊட்டுநீர்:
இல்லை, அது பாய்லரின் அழுத்தம். வால்வு வரையிலான பகுதியைத் தனியாகப் பிரித்து, 6.25 போட்டு 118-உடன் மறுபடி கணக்கிடுகிறேன்.