குடும்பத்தோடு ஹைதராபாத்: வேலூர்ப் பக்கத்திலிருந்து போய் வந்தவர்களின் அனுபவங்கள்

சத்துவாச்சாரி

அரையாண்டு விடுமுறைக்கு ஹைதராபாத் போகலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். போய் வந்த மற்றவர்களும் உங்களுடையதைச் சேர்த்துச் சொல்லுங்கள், திட்டம் போடுகிறவர்களுக்கு உதவும்.

எங்கள் வீட்டில் மாமியாருக்கு முழங்கால் வலி, கூடவே சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும். சின்னவனும் அப்படித்தான், பசி வந்தால் பொறுக்கமாட்டான். அதனால் நோட்டை எடுத்து உட்கார்ந்ததும் முதலில் சாப்பாட்டு நேரத்தைத்தான் எழுதினேன். காலை எட்டரை, மதியம் ஒன்று, மாலை டீ, இரவு எட்டு. இடையில் எந்த இடம் அடங்குகிறதோ அதுதான் அன்றைக்கு. வீட்டுக்காரருக்கு முதலில் பிடிக்கவில்லை. "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், ஒரு நாளைக்கு ரெண்டு இடம்தானா?" என்றார். சார்மினார் பக்கம் ஒரு முழுக் காலை சுற்றி, களைப்பில்லாமல் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவரே, "நாளைக்கும் இப்படியே வெச்சுக்கலாம்" என்றார்.

அடுத்தது கிழமை. சாலார் ஜங் அருங்காட்சியகமும் சௌமஹல்லா அரண்மனையும் வெள்ளிக்கிழமை திறப்பதில்லை. அன்று மெக்கா மசூதியில் தொழுகைக் கூட்டமும் அதிகம். பழைய நகரத்துக்கு வேறு கிழமை வைத்துக்கொண்டு, வெள்ளியன்று கோல்கொண்டாக் கோட்டையோ பிர்லா மந்திர் கோயிலோ போய்விடலாம். நேரு உயிரியல் பூங்காவுக்குத் திங்கள் விடுமுறை. நான்கைந்து நாள் பயணத்தில் இந்த இரண்டு கிழமையும் எப்படியும் குறுக்கே வரும், முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாலார் ஜங்கில் முப்பதுக்கும் மேற்பட்ட கூடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் பெரியவர்களுக்குக் கால் போய்விடும். நாங்கள் தேர்ந்தெடுத்தவை கொஞ்சம்தான். முகத்திரை போட்ட ரெபெக்கா சிலையை மாமியார் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தாலியச் சிற்பி பென்சோனி 1876-ல் செய்தது. கல்லில் செதுக்கிய திரைக்குப் பின்னால் முகம் தெரிகிறது. "துணியை நனைச்சுப் போட்டாப்பல இருக்குதே" என்று நின்றுவிட்டார். பிள்ளைகளுக்கு அந்த இசைக் கடிகாரம். குக் அண்டு கெல்வி கம்பெனிக் கடிகாரம் அது. உள்ளே ஒரு கொல்லன் பொம்மை சுத்தியலால் நொடிக்கு நொடி தட்டிக்கொண்டே இருக்கிறது. மணி ஆனதும் தாடி வைத்த சின்ன மனிதர் கதவைத் திறந்துகொண்டு வந்து, எத்தனை மணியோ அத்தனை முறை அடித்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். எதிரே உட்கார்ந்து பார்க்க வசதி இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு அடி பார்க்கலாம், அப்படியே எழுந்து சாப்பிடவும் போகலாம்.

ரயில் விஷயம். காட்பாடியில் இரவு சபரி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் செகந்திராபாத்தில் இறங்கலாம். ஆனால் டிசம்பரில் ஐயப்ப பக்தர்கள் ஊர் திரும்பும் வண்டியும் அதுதான். முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. அன்றைக்கே போட்டால்தான் குடும்பம் முழுக்க ஒரே பெட்டியில் வரும். பெரியவர்களுக்குக் கீழ் படுக்கை கேட்டுப் போடுங்கள்.

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். ஆட்டோவில் ஏறியதும் டிரைவர் எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ராயவேலூரா? எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் அங்கதான் ஆச்சு" என்று தெலுங்கில் சொன்னார். காந்தி ரோட்டில் லாட்ஜ் எடுத்து, ஸ்டவ் வாடகைக்கு வாங்கி, ஒரு மாதம் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்துக் காய்கறிக் கடை அம்மா தினமும் கொத்தமல்லி காசு வாங்காமல் கொடுத்ததை இன்னும் நினைவு வைத்திருக்கிறார். எங்களிடம் மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்தக் காய்கறிக்கார அம்மா யாரோ, அவருக்குப் போகவேண்டிய நன்றி எங்களுக்குக் கிடைத்தது.

குடியாத்தம்

அக்கா, சாப்பாட்டு நேரத்தை முதலில் எழுதியது நல்ல யோசனை. எங்கள் பயணம் காலாண்டு விடுமுறையில். அது புரட்டாசி. வீட்டில் யாரும் கவுச்சி தொடமாட்டோம். ஹைதராபாத் போய் பிரியாணி சாப்பிடாமல் வருவதா என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டார்கள். ஆனால் சைவக் குடும்பத்துக்கும் அந்த ஊரில் குறை இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காலையில் பெசரட்டு. பச்சைப்பயறு அரைத்து ஊற்றிய மெல்லிய தோசை, நடுவில் ரவை உப்புமா வைத்து மடித்து, இஞ்சிச் சட்னியோடு கொடுப்பார்கள். அதைச் சாப்பிட்டால் மதியம் ஒன்றரை வரை பசிக்காது. மதியம் ஆந்திரா மீல்ஸ். சித்தூர் எல்லையில் இருக்கிற நமக்குப் பருப்புப்பொடியும் கோங்குராவும் புதிதில்லை, ஆனால் அங்கே காரம் ஒரு படி தூக்கல். பிள்ளைகளுக்கு முத்தப்பப்பு என்கிற கெட்டிப் பருப்பு, நெய், அப்பளம் வைத்துப் பிசைந்து கொடுத்துவிட்டால் போதும். தயிர் கெட்டியாக வரும்.

புரட்டாசியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விநாயகர் ஊர்வலம் அங்கே மிகப் பெரிது. அனந்த சதுர்த்தசி அன்று ஹுசைன் சாகரில் பிள்ளையாரைக் கரைக்க ஊரே திரண்டு வருகிறது. அந்த நாள் உங்கள் விடுமுறைக்குள் வருகிறதா என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் ஏரிப் பக்கம் வண்டியில் போக நினைக்காதீர்கள். மற்ற நாளில் லும்பினி பூங்காவிலிருந்து படகில் புத்தர் சிலைக்குப் போகலாம். ஒரே கல்லில் செய்த சிலை. 1990-ல் ஏற்றிப் போனபோது படகோடு ஏரிக்குள் மூழ்கி, 1992-ல் வெளியே எடுத்து நிறுத்தினார்களாம். படகில் போகும்போது இதைச் சொன்னேன், என் மகள் சிலையை விட்டுவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆம்பூர்

பிரியாணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே முதல் வாய் வைத்ததும் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். நாக்கு நம் ஊர் ருசியைத் தேடிக்கொண்டு போகிறது, அதுதான் காரணம்.

நம்முடையது சீரகச் சம்பா. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் கறியை வேகவிட்டு, பாதி வெந்த அரிசியைச் சேர்த்து, மூடிமேல் தணல் கொட்டி தம் போடுகிறோம். தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காய். அங்கே பாஸ்மதி. பச்சைக் கறியையே தயிர், மசாலா, பொரித்த வெங்காயத்தில் ஊறவைத்து அண்டாவின் அடியில் பரப்பி, மேலே பாதி வெந்த அரிசியைக் கொட்டி, மூடியின் விளிம்பை மாவால் அடைத்துவிடுகிறார்கள். கறியும் அரிசியும் ஒன்றாக வெந்து இறங்கவேண்டும், ஒன்று முந்தினாலும் கெட்டுவிடும். மேலே வெள்ளைச் சோறு, நடுவில் மஞ்சள், அடியில் மசாலா. பரிமாறுகிறவர் மேலோடு அள்ளமாட்டார். தட்டை ஓரமாகச் செங்குத்தாக அடிவரை இறக்கி, எல்லா அடுக்கும் ஒன்றாக வரும்படி எடுப்பார்.

அப்பா வெள்ளைச் சோற்றை மட்டும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் கவனித்திருக்கிறார். "நீச்சே சே, பாய்" என்று கையால் காட்டினார். அப்பா அடியிலிருந்து மசாலாவையும் கறியையும் எடுத்துச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டார். மிளகாய் சாலனை ஊற்றிக்கொண்டார். வேர்க்கடலையும் எள்ளும் அரைத்துப் புளி விட்ட குழம்பு அது. அப்புறம் அந்தப் பெரியவரும் அப்பாவும் பேசிக்கொண்டே இருந்தார்கள், சீரகச் சம்பா எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில் டபுள் கா மீட்டா சாப்பிட்டோம். நம் கல்யாண வீட்டு பிரெட் அல்வாவுக்குச் சொந்தம், பால் வாசனை கூடுதல்.

ஒரு பிளேட்டை இரண்டு பேர் சாப்பிடலாம். ஆளுக்கொன்று சொல்லிவிடாதீர்கள். மதியம் பன்னிரண்டரை வாக்கில் போனால் அண்டா அப்போதுதான் திறந்திருக்கும். இரவில் பிரியாணி வேண்டாம் என்பது என் கட்சி, பிள்ளைகளோடு போகும்போது கண்டிப்பாக வேண்டாம்.

வாணியம்பாடி

நாங்கள் வீட்டில் உருது பேசுகிறவர்கள். அங்கே கடைத்தெருவில் நான் பேசியதும் வளையல்காரர், "இந்த உருது எந்த ஊர்?" என்று சிரித்தபடி கேட்டார். ஊரைச் சொன்னதும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். சார்மினாரை ஒட்டிய லாட் பஜார் அது. அரக்கு வளையலைக் கண் முன்னாலேயே செய்து தருவார்கள். கரி அடுப்பில் அரக்கை இளக்கி, பலகையில் நீளமாக உருட்டி, என் மகள் கையின் அளவுக்கு வளைத்து, இரு முனையையும் சூட்டிலேயே ஒட்டினார். பிறகு அது ஆறுவதற்குள் ஒவ்வொரு கல்லாகக் குச்சியால் எடுத்துப் பதித்தார். வரிசை தப்பவே இல்லை. விலை பேசத்தான் வேண்டும், ஆனால் அந்தக் கைவேலையைப் பார்த்தபின் எனக்கு அதிகம் பேச வாய் வரவில்லை. கூட்டத்தில் பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

அங்கேயே மாலை இரானி சாய். டிகாஷனைத் தனியாக நெடுநேரம் கொதிக்கவிட்டு, சுண்டிய பாலைத் தனியாக ஊற்றித் தருகிறார்கள். உஸ்மானியா பிஸ்கட் இனிப்பும் உப்புமாக இருக்கும், டீயில் நனைத்தால் சட்டென்று எடுத்துவிட வேண்டும்.

ஹலீம் ஆசை இருந்தால் ரம்ஜான் மாதம் போங்கள். 2010-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். கோதுமையும் கறியும் நெய்யும் மணிக்கணக்கில் வெந்து, கட்டையால் இடித்து ஒன்றாகிவிடும். ஆனால் அந்த மாதத்தில் பழைய நகரம் பகலில் ஓய்ந்திருக்கும், இரவில்தான் விழிக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது சரிவராது.

ஆற்காடு

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் நான். பேரப்பிள்ளைகளோடு போனேன். கிளம்பும் முன் அவர்களுக்கு ஒன்று சொன்னேன்: நம் ஆற்காட்டு நவாபாக அன்வருதீன் கானை அமர்த்தியது ஹைதராபாத்தின் முதல் நிஜாம். அந்த நிஜாம் 1748-ல் இறந்ததும் வாரிசுச் சண்டை மூண்டு, அது இங்கே வரை வந்து, 1749-ல் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். சௌமஹல்லா அரண்மனையைத் தொடங்கிய சலாபத் ஜங் அந்த நிஜாமின் மகன். தர்பார் மண்டபத்தில் சரவிளக்குகளுக்குக் கீழே நின்றுகொண்டு பேரன், "தாத்தா, நம்ம ஆம்பூர்ச் சண்டைக்குக் காரணமானவங்க வீடா இது?" என்று உரக்கக் கேட்டான். காவலாளிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஆம்பூர் என்ற பெயர் பிடிபட்டு, "பிரியாணி?" என்றார்.

கோல்கொண்டாவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் பாறைச்சூடு தாங்காது. நம் வேலூர்க் கோட்டை சமதரையில், அகழியைச் சுற்றி நடக்கலாம். இது கருங்கல் குன்று. சோளிங்கர் படி ஏறிப் பழகியவர்களுக்குப் பெரிய சிரமமில்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருக்கலாம். கீழே இருப்பதிலும் நன்மை உண்டு. நுழைவாயில் வளைவுக்குக் கீழ் நின்று கை தட்டினால் உச்சியில் பாலா ஹிஸாரில் கேட்கும். எதிரி வந்தால் தகவல் சொல்ல அமைத்தது. என் மனைவி கீழே நின்று தட்ட, பேத்தி மேலிருந்து கேட்டுவிட்டுக் குதித்தாள்.

ஏறும் வழியில் பத்ராசலம் ராமதாசர் அடைபட்டிருந்த சிறை இருக்கிறது. வரிப்பணத்தில் ராமருக்குக் கோயில் கட்டியதற்காக கோல்கொண்டா சுல்தான் தானாஷா காலத்தில் அடைத்தார்கள். உள்ளே இருட்டு. சுவரில் அவர் செதுக்கியதாகச் சொல்லும் ராமரும் அனுமனும். மனைவிக்காக அதைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஜனையில் அவருடைய கீர்த்தனைகளைப் பாடுகிறவள். படத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். கைப்பிடித்து, நின்று நின்று, அந்த இடம் வரைக்கும் கூட்டிப் போனோம். உள்ளே மெதுவாகப் பாடினாள். வெளியே வரிசையில் நின்ற ஒரு தெலுங்குக் குடும்பமும் கூடச் சேர்ந்து பாடியது.

காட்பாடி

எல்லாருக்கும் நன்றி. டிசம்பர் கடைசியில் அம்மா, அப்பா, மனைவி, கைக்குழந்தையோடு போகிறோம். காரில் போக நினைத்தேன், சித்தூர், கடப்பா, கர்னூல் வழி. சுமார் 600 கிலோமீட்டர். குழந்தையை நினைத்து ரயிலுக்கே மாறிவிட்டேன். எங்கே தங்குவது? ராமோஜி பிலிம் சிட்டி போகலாமா?

சத்துவாச்சாரி

தம்பி, ராமோஜி ஊருக்கு வெளியே இருக்கிறது, ஒரு முழு நாள் வேண்டும். கைக்குழந்தையோடு இந்த முறை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் ஜனவரி ஒன்றாம் தேதி வரை தங்க முடிந்தால் நாம்பள்ளி மைதானத்தில் நுமாயிஷ் பொருட்காட்சி தொடங்கிவிடும், 1938-லிருந்து நடப்பது. அம்மாவுக்குச் சேலைக் கடைகள், அப்பாவுக்கு வேடிக்கை.

தங்குவது நாம்பள்ளி அல்லது ஆபிட்ஸ் பக்கம். அங்கிருந்து பழைய நகரமும் ஏரியும் கிட்டத்தில், மெட்ரோவும் உண்டு. சார்மினாருக்கு மெட்ரோ கிடையாது, ஆட்டோதான். அறை போடும்போது லிப்ட் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். லிப்ட் இப்போது ஓடுகிறதா, எந்த மாடியில் அறை தருவீர்கள் என்று கேளுங்கள். நாங்கள் முதலில் இறங்கிய விடுதியில் லிப்ட் இருந்தது, பூட்டி வைத்திருந்தார்கள். மாமியாரை மூன்று மாடி ஏற்ற முடியாமல் அன்றைக்கே வேறு இடம் மாறினோம். குழந்தைக்கு வெந்நீர் இரவிலும் கிடைக்குமா என்பதையும் கேட்டு வையுங்கள். டிசம்பர் இரவு நம் ஊரை விடக் குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுங்கள். தேதி முடிவானதும் சொல்லுங்கள், கிழமை பார்த்து வரிசை போட்டுத் தருகிறேன்.