டிஸ்க் இமேஜில் க்ரப் (பூட்லோடர்) ஏறவில்லை: எம்பெட்டிங் பிழை

மரப்பாச்சி:
ஹோஸ்ட் உபுண்டு 22.04. 4 ஜிபி ரா இமேஜ் (டிஸ்கின் அப்பட்டமான ஃபைல் வடிவம்) ஒன்றில், அடிப்படை சிஸ்டத்தை நிறுவும் டெபூட்ஸ்ட்ராப் வழியாக டெபியன் 12 போட்டிருக்கிறேன். பார்ட்டிஷன் டேபிள் ஜிபிடி. ஒரே எக்ஸ்ட்4 பார்ட்டிஷன், 2048-ஆவது செக்டரில் தொடங்குகிறது. பழைய பயாஸ் முறையில் பூட் ஆக வேண்டும், யுஇஎஃப்ஐ தேவையில்லை.

லூப் ஆப்ஷனோடு ஆஃப்செட் 1048576 கொடுத்து மவுண்ட் செய்தேன். டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, சிஹெச்ரூட்டுக்குள் (இமேஜையே ரூட்டாக மாற்றிய ஷெல்) ‘க்ரப்-இன்ஸ்டால் /டெவ்/லூப்0’ ஓட்டினால், எக்ஸ்ட்2-வில் எம்பெட் செய்ய (க்ரப்பின் கோடைப் பதிக்க) முடியாது, பிளாக்லிஸ்ட்டோடு (ஃபைல் கிடக்கும் பிளாக் எண்களின் பட்டியல்) தொடர மாட்டேன் என்று நின்றுவிடுகிறது. ‘ஃபோர்ஸ்’ கொடுத்தால் பிழை வரவில்லை. ஆனால் க்யூஇஎம்யு (விர்ச்சுவல் மெஷின்) ‘பூட்டிங் ஃப்ரம் ஹார்ட் டிஸ்க்’ வரியோடு அப்படியே நிற்கிறது. எங்கே இடிக்கிறது?

செக்டர்_பூஜ்யம்:
இரண்டு இடத்தில் இடிக்கிறது ப்ரோ.

முதலாவது லூப் (ஃபைலை டிஸ்க் போலக் காட்டும் டிவைஸ்). ஆஃப்செட் கொடுத்து மவுண்ட் செய்தால் /டெவ்/லூப்0 என்பது முழு டிஸ்க் அல்ல, பார்ட்டிஷன் மட்டும்தான். அதைப் போய் டிஸ்க் என்று க்ரப்பிடம் காட்டுகிறீர்கள். ‘ஃபோர்ஸ்’ போட்டபோது பூட் கோட் பார்ட்டிஷனின் முதல் செக்டரில் விழுந்தது. இமேஜின் உண்மையான செக்டர் 0 தொடப்படவே இல்லை. பயாஸ் படிப்பது அதைத்தான்.

எல்லாவற்றையும் அன்மவுண்ட் செய்துவிட்டு, லூப்பை மாட்டும் லோசெட்டப் கமாண்டை ‘ஃபைண்ட்’, ‘பார்ட்ஸ்கேன்’, ‘ஷோ’ மூன்று ஆப்ஷன்களோடும் ஓட்டுங்கள். லூப்0 முழு டிஸ்காகவும் லூப்0பி1 பார்ட்டிஷனாகவும் வரும். மவுண்ட் செய்வது லூப்0பி1-ஐ, க்ரப்புக்குக் கொடுப்பது லூப்0-வை.

இரண்டாவது ஜிபிடி. எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் டேபிள்) டிஸ்கில் செக்டர் 0-க்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே சும்மா கிடக்கும் இடத்தில் க்ரப்பின் கோர் இமேஜ் (முக்கியப் பகுதி) உட்கார்ந்துகொள்ளும். ஜிபிடியில் செக்டர் 1-இல் ஹெடர், 2 முதல் 33 வரை பார்ட்டிஷன் பட்டியல். அதனால் தனியாக பயாஸ் பூட் பார்ட்டிஷன் இருந்தால்தான் க்ரப் எம்பெட் செய்யும். இமேஜை அழித்துத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. 34 முதல் 2047 வரை காலிதானே, 1007 கேபி, தாராளம். எஸ்ஜிடிஸ்க்கில் (ஜிபிடியைத் திருத்தும் கருவி) அலைன்மென்ட்டை 1 ஆக்கி, பார்ட்டிஷன் 2-ஐ 34:2047 என்று உருவாக்கி, டைப் இஎஃப்02 (பயாஸ் பூட் பார்ட்டிஷனின் குறியீடு) கொடுங்கள். அலைன்மென்ட்டை விட்டுவிட்டால் தொடக்கத்தை அதுவே 2048-க்குத் தள்ளப் பார்க்கும், அங்கே இடமில்லை. இந்தப் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாதீர்கள், மவுண்டும் வேண்டாம். லூப்பைக் கழற்றி மாட்டிவிட்டு க்ரப்-இன்ஸ்டால், பிறகு மெனு ஃபைலை எழுதும் அப்டேட்-க்ரப்.

உமியும்_தவிடும்:
மேலே சொன்னதோடு டார்கெட்டையும் ஐ386-பிசி (பயாஸ் முறை) என்று வெளிப்படையாகக் கொடுங்கள். உங்கள் ஹோஸ்ட் யுஇஎஃப்ஐ-யில் பூட் ஆகியிருந்தால், பைண்ட் செய்த சிஸ் வழியாக க்ரப் அதைப் பார்த்துவிட்டு இஎஃப்ஐ டைரக்டரி எங்கே என்று கேட்கும். சிஹெச்ரூட்டுக்குள் இருக்க வேண்டிய பேக்கேஜ் க்ரப்-பிசி.

பிற்பாடு புது ஹோஸ்டுக்கு மாறினால் இன்னொரு வம்பு உண்டு. எக்ஸ்ட்4 கருவிகளின் தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47.0 முதல் ‘மெட்டாடேட்டா_சிசம்_சீட்’ என்ற அம்சம் அப்ஸ்ட்ரீமில் (மூல வெளியீட்டில்) டிஃபால்ட்டாகவே ஆன். அதற்கான பேட்ச் இல்லாத க்ரப் 2.06-க்கு அது புரியாது, ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம்’ என்று கைவிரித்துவிடும். டம்ப்இ2எஃப்எஸ் காட்டும் ஃபீச்சர் வரியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்மவுண்ட் செய்து ட்யூன்2எஃப்எஸ் கொண்டு நீக்கலாம். ஃபார்மேட் செய்யும்போதே அணைத்துவிடுவது இன்னும் சுலபம்.

மரப்பாச்சி:
லேப்டாப்பில் சரியாகிவிட்டது, நன்றி. அதே ஸ்கிரிப்ட்டை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டினேன். லூப்0பி1 வராததால் எம்க்நோட் கமாண்ட் மூலம் அந்த டிவைஸ் ஃபைலைக் கையால் உருவாக்கினேன். க்ரப் மெனு வருகிறது, கர்னலும் ஏறுகிறது. அதன் பிறகு ‘/டெவ்/லூப்0பி1 இல்லை’ என்று இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஓடும் தற்காலிக சிஸ்டம்) ஷெல்லில் விழுகிறது.

செக்டர்_பூஜ்யம்:
மெனு வந்துவிட்டதால் க்ரப் பக்கம் கோளாறு இல்லை. க்ரப்.சிஎஃப்ஜி-யில் லினக்ஸ் என்று தொடங்கும் வரியைத் திறந்து பாருங்கள், ‘ரூட்=/டெவ்/லூப்0பி1’ என்று இருக்கும். அப்டேட்-க்ரப், /டெவ்/டிஸ்க்/பை-யுயுஐடி-க்குள் அந்த ஃபைல்சிஸ்டத்தின் யுயுஐடி (தனி அடையாள எண்) பெயரில் லிங்க் இருந்தால்தான் யுயுஐடி எழுதும். இல்லையென்றால் டிவைஸ் பெயரையே எழுதிவிடும். கன்டெய்னரில் யுடெவ் (/டெவ் லிங்க்குகளைப் போடும் சர்வீஸ்) ஓடவில்லை, லிங்க்கைப் போட ஆளில்லை.

பிஎல்கேஐடி தரும் யுயுஐடியை எடுத்து, அந்த டைரக்டரியை உருவாக்கி, லூப்0பி1-க்கு ஒரு சிம்லிங்க் போட்டுவிட்டு அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள். ஹோஸ்டின் /டெவ்-ஐயே கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்தால் எம்க்நோட், சிம்லிங்க் இரண்டுமே வேண்டாம். எஃப்எஸ்டேப்பிலும் (மவுண்ட் பட்டியல் ஃபைல்) யுயுஐடிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உமியும்_தவிடும்:
ஸ்கிரிப்ட் பாதியில் செத்தால் லூப் மாட்டியபடியே நிற்கும். அடுத்த ஓட்டத்தில் லூப்1 வரும். எம்க்நோட் வரியில் லூப்0 என்று எழுதி வைத்திருந்தால் பழைய இமேஜில் போய் எழுதும். ‘ஷோ’ தரும் பெயரை வேரியபிளில் பிடித்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடும் ட்ராப்பில் முதலில் அன்மவுண்ட், பிறகு லோசெட்டப் டிடாச்.