மேனுவல் மோட்ல எடுத்தா எல்லாமே ஆடிப்போய் வருது, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

கேள்வி:
கேமரா வாங்கி மூணு மாசம் ஆச்சு, கூடவே வந்த 18-55 ஜூம் லென்ஸ் தான் இருக்கு. இவ்வளவு நாள் ஆட்டோ, போன வாரம் தான் மேனுவலுக்கு மாத்தினேன். வீட்டுக்குள்ள பொண்ணு விளையாடறத எடுத்தா ஒண்ணு இருட்டா வருது, இல்லன்னா கை கால் எல்லாம் இழுபட்ட மாதிரி வருது, ராத்திரி எடுத்தா முகம் ஒரே மஞ்சள். அப்பர்ச்சர்னா லென்ஸோட துளை, ஷட்டர்னா வெளிச்சம் உள்ள வர்ற நேரம், ஐஎஸ்ஓன்னா அந்த வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுதுங்கறது, இதெல்லாம் கேட்டா சொல்லிடுவேன், ஆனா கேமராவ கையில எடுத்தா எதைத் திருப்பறதுன்னு புரியல. எடிட்டிங்ல சரி பண்ணிக்கலாமா?

பதில் 1:
மூணையும் சேர்த்து திருப்பினா எது எதை மாத்துச்சுன்னு தெரியவே தெரியாதுங்க. மேனுவலை கொஞ்ச நாள் விட்ருங்க. ஜன்னல் பக்கத்துல ஒரு பாட்டில் வைங்க, பின்னாடி தள்ளி வேற ஏதாவது பொருள் இருக்கட்டும், கேமராவை ஸ்டூல் மேல வச்சுட்டு லென்ஸ் 55, ஐஎஸ்ஓ 200, அப்பர்ச்சர் மோட் (துளையை நீங்க வைப்பீங்க, ஷட்டரை கேமரா பாத்துக்கும்), இதை மாத்தாம எஃப் 5.6, 8, 11, 16ன்னு நாலு படம் எடுங்க, எஃப் நம்பர் ஏற ஏற துளை சின்னதாகும். டைமர் போட்டுக்கோங்க, விரல் பட்டா கூட ஆடும். நாலு படத்துலயும் வெளிச்சம் ஒரே அளவு தான், ஆனா ஒவ்வொரு படியிலயும் உள்ள வர்ற வெளிச்சம் பாதியாகறதால ஷட்டர் 1/60 செகண்ட், 1/30, 1/15, 1/8ன்னு ரெண்டு ரெண்டு மடங்கா மெதுவாகிட்டே போகும். பின்னாடி இருக்கற பொருளும் கொஞ்சம் கொஞ்சமா தெளிவாகும். எனக்கு இது மண்டையில ஏறினது இப்படி ஒரு பாட்டில வச்சு தான்.

பதில் 2:
பாட்டில் ஓடாது, குழந்தை ஓடும். அவங்களுக்கு இப்போ வேண்டியது ஷட்டர். ஷட்டர் மோட்ல (இதுல ஷட்டரை நீங்க வைப்பீங்க, துளையை கேமரா பாத்துக்கும்) 1/250 வச்சுட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோல விடுங்க, 6400 வரைக்கும் போகட்டும். புள்ளி புள்ளியா வரும் தான், அதை எடிட்டிங்ல குறைச்சுக்கலாம், ஆடின முகத்தை அப்படி மீட்க முடியாது. இன்னொண்ணு, இந்த லென்ஸ்ல பெரும்பாலும் 18ல எஃப் 3.5 கிடைக்கும், 55க்கு ஜூம் பண்ணா 5.6 ஆயிடும், பாதிக்கு மேல வெளிச்சம் போச்சு. அதனால ஜூமைக் குறைச்சு நீங்க கிட்ட போங்க. ரொம்ப ஒட்டிப் போனா மூக்கு பெருசா தெரியும், அதையும் பாத்துக்கோங்க.

பதில் 3:
மஞ்சளுக்கு நான் சொல்றேன். ரா ஃபைல்ல, அதாவது கேமரா சுருக்காம அப்படியே பதியற ஃபைல்ல எடுங்க. வழக்கமான ஜேபெக் ஃபைல்ல ஒரு கலருக்கு 256 படி தான், 14 பிட் ராவுல 16384, அதனால கலரை எவ்வளவு நகர்த்தினாலும் படம் தாங்கும். வெளிச்சத்தோட நிறத்தை கெல்வின்ல சொல்வாங்க, கம்மியா இருந்தா மஞ்சள்; மஞ்சளா எரியற வீட்டு பல்பு சுமார் 2700, 3000 கெல்வின், பகல் வெளிச்சம் 5500 பக்கம், கேமராவோட ஆட்டோ பாதி நேரம் இதுல தான் தடுமாறுது. டார்க்டேபிள்னு ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேர், இலவசம், அதுல வைட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையா காட்டற கலர் திருத்தம்) பிக்கர வச்சு வெள்ளை சட்டை மேல ஒரு க்ளிக், முக்கால்வாசி வேலை முடிஞ்சது. முதல்ல வைட் பேலன்ஸ், அப்புறம் எக்ஸ்போஷர் (படத்தோட வெளிச்ச அளவு), மத்த ஸ்லைடர் எல்லாம் பிறகு தான். ஆனா ஜன்னல் வெளிச்சமும் பல்பும் கலந்து விழுந்தா ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள், அதை சரி பண்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். பல்பை அணைச்சுட்டு எடுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பாட்டிலும் பண்ணேன், 1/250லயும் எடுத்தேன், குதிக்கற படம் கூட தெளிவா வந்துச்சு, அவ்வளவு சந்தோஷம்! ஒண்ணே ஒண்ணு, வெள்ளைச் சுவர் முன்னாடி நிக்க வச்சா மட்டும் சுவரும் சாம்பல், முகமும் மங்கல். ஏன்?

பதில் 1:
கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கற மீட்டருக்கு அது சுவருன்னு தெரியாது, எதைப் பாத்தாலும் நடுத்தர சாம்பலா ஆக்கத்தான் பாக்கும். ப்ளஸ் மைனஸ் போட்ட பட்டனை அழுத்தி +1 வச்சு, அதாவது வெளிச்சத்தைக் கூட்டி எடுத்துப் பாருங்க. கருப்புப் போர்வை மேல உட்கார வச்சா நேர் எதிர், -1.